ஸ்டியரிங் இல்லாத வண்டியில் என் தம்பி

என் தம்பி லாரி ஓட்டத் தொடங்கிய காலத்தில் ஸ்டியரிங்கை ஒடிப்பது, முரண்டு பிடிக்கும் எருமையைக் கொம்பைப் பிடித்துத் திருப்புவது மாதிரி. ஒரு முறை அவன் வலப்பக்கம் ஒடித்த வேகத்தில் லாரி அப்படியே நின்றுவிட, ஊர்தான் இடப்பக்கம் நகர்ந்ததாம். அவன் தோளைப் பார்த்த யாரும் அதை நம்புவார்கள். சட்டை தைப்பவர் தோளுக்கு மட்டும் தனிக்கூலி கேட்டார்.

ஸ்டியரிங் என்று பேச்செடுத்தால் போதும், அவனுக்கு வாய் ஓயாது. ஆதியில் வந்த கார்களில் படகுத் துடுப்பு மாதிரி வெறும் கோல்தான் இருந்தது, வட்டம் அப்புறம் வந்தது, ஒற்றை விரலால் சுழற்றும் பவர் ஸ்டியரிங் அதற்கும் அப்புறம் என்பான். "ஒரு நாள் இதுவும் வேணாம்னு பிடுங்கிடுவாங்க, பாரேன்க்கா" என்று சிரிப்பான்.

கல்யாணமான நாள் முதல் அவன் மனைவி அவனை "டிரைவரே" என்றுதான் கூப்பிட்டாள். வயதான பிறகு அவளுக்கு மறதி நோய் வந்தது. சாவியை மறந்தாள், மகளை மறந்தாள், கடைசியில் அவனையும். "யாரிந்த ஆளு, சமையலறை வரைக்கும் வர்றாரு" என்று என் காதைக் கடிப்பாள். ஆனால் சாயங்காலம் பழைய காரில் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். "என்ன டிரைவரே, இன்னைக்கு லேட்டு?" என்பாள். அந்த ஒரு சுற்றுதான் அவனுக்கு மிச்சமிருந்த குடித்தனம்.

பார்வை மங்கியதும் அவன் லைசென்ஸைப் புதுப்பித்துத் தரவில்லை. மகள் பழைய காரை விற்றுவிட்டு, தானே ஓடும் வண்டி ஒன்றை ஏற்பாடு செய்தாள். ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான பலகை. முதல் நாள் தம்பி மனைவி ஏறவே மறுத்தாள். டிரைவர் வரட்டும் என்றாள்.

மறுநாள் அவன் பழைய உதிரிபாகக் கடையிலிருந்து ஒரு ஸ்டியரிங் வாங்கி வந்து, மடியில் நிறுத்திப் பலகைமேல் சாய்த்துக்கொண்டான். பின்சீட்டில் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவளோ ஏறியதும் "வந்துட்டீங்களா டிரைவரே" என்று அவன் கையைத் தொட்டாள். என் சிரிப்பு அடங்கிவிட்டது.

வழி மனப்பாடம். வண்டி திரும்பப் போகிற இடத்தில் அவனும் ஒடிப்பான். அப்படியே சில வாரங்கள் நன்றாக ஓடின.

ஒரு சாயங்காலம் கடைவீதி முனையில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அது வண்டிக்குத் தெரிந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் அவன் வலப்பக்கம் ஒடித்தான். வண்டி இடப்பக்கம் போனது.

அவள் அவன் கையைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க அவர் இல்ல."

"நான்தாம்மா."

"அவர் ஒடிச்சா வண்டி கேக்கும்."

லாரிக்காரன் மனைவியை யார் ஏமாற்ற முடியும்? தம்பி ஸ்டியரிங்கை மெல்லக் காலடியில் வைத்தான்.

இப்போது சாயங்காலச் சுற்றுக்கு அவளை நான்தான் கூட்டிப்போகிறேன். டிரைவர் எங்கே என்று கேட்பதை அவள் விட்டுவிட்டாள். வண்டியில் அவன் இருந்தால் அவளுக்குப் பயம். வாசலுக்கு வந்து எங்களுக்கு வண்டிக் கதவைச் சாத்திவிட்டு, பத்திரமாகப் போய்வரச் சொல்வான். வண்டி நகர்ந்ததும் அவள் என் பக்கம் சாய்வாள்.

"நல்ல மனுஷன். யாருன்னுதான் தெரியல."