ஸ்டார்டர் பெட்டியில் டெல்டா

எங்கள் வயல் பட்டுக்கோட்டையைத் தாண்டி, வாய்க்கால் முடிகிற கடைமடையில் இருக்கிறது. அங்கே போர் மோட்டாரின் ஸ்டார்டர் பெட்டியில் ‘ஸ்டார் டெல்டா’ என்று எழுதியிருக்கும். டெல்டா மாவட்டத்துக்கென்றே செய்த பெட்டி என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் கோயம்புத்தூரில் மச்சானின் தோப்பில் அதே பெட்டியைப் பார்த்ததும் கேட்டே விட்டேன்.

“மச்சான், இது எங்க டெல்டாவுக்குன்னு வர்றதாச்சே, உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

அவர் சிரித்தார். ஆனால் அந்தப் பெயர் ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கோ அது தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை.

ஊர் திரும்பியதும் மோட்டார் மெக்கானிக்கைப் பிடித்தேன். அவர் வரப்பின் ஈர மண்ணில் குச்சியால் ஒரு முக்கோணம் போட்டார்.

“இது கிரேக்க எழுத்துண்ணே, பேரு டெல்டா. மோட்டாருக்குள்ள மூணு காயிலையும், அதான் கம்பிச் சுருளையும், இப்படிச் சேர்த்தா டெல்டா. ஆறு பிரிஞ்சு கடலுக்குப் போற நிலமும் இதே மாதிரி இருக்கறதால அதுவும் டெல்டா.”

கூட வந்திருந்த, கல்லூரியில் படிக்கும் என் மகள், கணக்கில் அதற்கு ‘மாற்றம்’ என்று பொருள் என்றாள்.

மண்ணில் கிடந்த முக்கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூலை கல்லணை, ஒரு மூலை பூம்புகார், மூன்றாவது மூலையில் நாங்கள்.

“உங்க முக்கோணத்துல கரண்ட் எப்படிப் போகும்?” என்று கேட்டேன்.

“மூணு பக்கமும் சமமாப் போகும்ணே.”

எங்கள் முக்கோணத்திலும் தண்ணீர் அப்படி வந்திருந்தால், நான் அந்தப் பெட்டியையே வாங்கியிருக்க மாட்டேன்.