பம்பரமும் பின் சக்கரத்து ஆயில் சீலும்

தெருவில் அவருக்குப் பம்பரம் என்றுதான் பெயர். உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார மாட்டார். பல் துலக்கிக்கொண்டே செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்க் கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார். இப்படிப்பட்ட மனிதரின் நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தைச் சரிசெய்து, கம்பியால் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "மூணு மாசம் எதையும் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது" என்றார் டாக்டர். சொன்னவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். திண்டாட்டமெல்லாம் வீட்டிலிருப்பவளுக்குத்தானே!

இரண்டு மாதம் போவதற்குள் அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. மலை உச்சியிலுள்ள செல்போன் கோபுரங்களைப் பழுதுபார்க்கும் ஆட்களைத் தன் சொந்த ஜீப்பில் ஏற்றிப்போவதுதான் பிழைப்பு. "திங்கக்கிழமை வருவீங்களா மாட்டீங்களான்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா வேற வண்டி பேசிடுவேன்" என்று அந்தக் கம்பெனி மேலாளர் முந்தின நாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆளுக்குத் தகுந்த வண்டி. அதற்கும் உடம்பு சரியில்லை. பின் அச்சில் ஆயிலை வெளியே விடாமல் அடைத்திருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்து, கசிந்த ஆயில் இடது சக்கரத்தின் பிரேக் கட்டை வரை ஊறியிருந்தது. அதை நம்பி மலையிறங்குவது தற்கொலை. பம்பரம் தனக்குள் ஒரு கணக்குப் போட்டார். சீலைத் தனி ஆளாக மாற்றிவிட்டால் உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தம், மேலாளரிடம் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். எந்த டாக்டரும் எழுதித் தராத பரிசோதனை!

தைத்த திரைச்சீலைகளைக் கடையில் கொடுக்க மனைவி கிளம்பினாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டதுதான் தாமதம், துணி அலமாரிக்குள் ஒளித்துவைத்திருந்த புதுச் சீலோடு ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார்.

சக்கர நட்டில் ஸ்பேனரைப் போட்டு, பயந்து பயந்துதான் அழுத்தினார். சொன்ன பேச்சைக் கேட்டது நட்டு. ஐந்தும் அப்படியே! அவருக்குத் தலைகால் புரியவில்லை. "டாக்டராம் டாக்டரு" என்று ஜீப்பிடம் சொன்னார். ஜாக்கி வைத்து ஏற்றி, கீழே ஸ்டாண்டு முட்டுக் கொடுத்து, சக்கரத்தை உருட்டி நகர்த்தினார். பிரேக் டிரம்மைக் கழற்றினார். உள்ளே பிளேட்டைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகள் மட்டும் முரண்டு பிடித்துத்தான் கழன்றன. நெஞ்சில் சுருக்கென்றது. வாயுப் பிடிப்பு என்று முடிவு கட்டிவிட்டு மேலே ஆகவேண்டியதைப் பார்த்தார்.

இனி சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டான ஷாஃப்டை வெளியே இழுத்தால் பழைய சீல் கண்ணுக்குத் தெரியும். இழுத்தார். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தார். இந்த முறை தையல் போட்ட இடம் முழுவதும் விண்ணென்று தெறித்தது, வியர்த்துக் கொட்டியது. எழுந்து வாசல் வரை நடந்தார், திரும்பி வந்தார், போனை எடுத்துப் பார்த்தார், மறுபடி வாசலுக்குப் போனார். அங்கே மனைவி கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள். போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கழற்றிப் போட்டதையெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தார். கத்தவில்லை.

"நட்டு ஈஸியா வந்துச்சா?"

"வெண்ணெ மாதிரி வந்துச்சு. இன்னும் உடம்புல தெம்பு இருக்கும்மா."

"விடியறதுக்கு முன்னாடி ஸ்பேனர் மேல ஏறி நின்னு நான்தாங்க லூஸ் பண்ணி வெச்சேன். அந்த லூஸ் நட்டோட வண்டிய எடுத்துட்டுக் கிளம்பிடுவீங்கன்னு சாவியையும் கையோட கொண்டுபோயிட்டேன். அலமாரிக்குள்ள ஆயில் சீலைப் பாத்து மூணு நாளாச்சு. வேணாம்னா கேக்கவா போறீங்க? முக்கி முக்கி நெஞ்சைப் பொளந்துக்கிட்டா யாரு பாக்கறது?"

அவருக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"இதை எப்படி எடுக்கறது?" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அவர் வாளியில் உட்கார்ந்தபடியே சொன்னார். "டிரம்மைத் திருப்பி மாட்டு. நட்டைக் கடைசி முனையில மட்டும் போட்டு விடு. இப்ப டிரம்மை உன் பக்கம் சுண்டி இழு. நட்டுல மோதுற வேகத்துலயே ஷாஃப்டு வெளிய வரும்."

அவள் இழுத்தாள். டங்கென்று மோதியது. ஐந்தாறு இழுப்பில் ஷாஃப்டு கருப்பு ஆயில் சொட்டச் சொட்ட அவள் மடிக்கே வந்தது. பழைய சீலை நெம்பி எடுத்து, புதுச் சீலுக்குக் கிரீஸ் தடவி, "சீலோட உதடு உள்பக்கம் பாக்கணும், சுத்திச் சுத்தித் தட்டு, ஒரே பக்கமா அடிக்காத" என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் தட்டி உட்கார வைத்தாள். கைகள் பரபரத்தாலும் அவர் வாளியை விட்டு எழவில்லை.

போன் அடித்தது. மேலாளர்.

"என்ன, திங்கக்கிழமை வர்றீங்களா?"

ஆயில் பூசிய மனைவியின் கைகளைப் பார்த்தார். "இல்ல சார். இன்னும் ஒரு மாசம் ஆகும். வேற வண்டி பேசிக்குங்க."

ஆபரேஷன் அறை வாசலில் கண் கலங்காதவள், ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் கல்லாக நின்றவள், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதாள்.

"அழுறதுன்னா இந்தப் பக்கம் திரும்பி அழும்மா. சீல் மேல விழப்போவுது" என்றார்.