விசில் அடிக்காத கெட்டில்

எங்கள் கிள்ளான் வீட்டில் பைப் தண்ணீரை யாரும் அப்படியே குடித்ததில்லை. கொதிக்க வைத்து, ஆற வைத்துத்தான் குடிப்போம். நான் சின்னவளாக இருந்தபோது மண்ணெண்ணெய் அடுப்பில் கரி பிடித்த அலுமினியக் கெட்டில் இருந்தது. பிறகு கேஸ் வந்தது, கூடவே விசில் அடிக்கும் கெட்டிலும். சாயங்காலமானால் அது கத்தும். பின்பக்கம் துணி துவைக்கும் அம்மாவுக்குக் காதில் விழாது. அப்பாதான் முணுமுணுத்துக்கொண்டே போய் அடுப்பை அணைப்பார். அவர் சமையலறைக்குள் போனது அந்த ஒரு வேலைக்குத்தான்; அதற்கே அவ்வளவு அலட்டல்.

போன வருடம் அம்மா இறந்துபோனார். அப்பாவுக்கு ஏற்கெனவே ஞாபகம் தடுமாறிக்கொண்டிருந்தது. நானோ பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறேன், வார இறுதியில்தான் வர முடியும். அதனால் தானாக அணையும் மின்சாரக் கெட்டிலை வாங்கி வைத்துவிட்டு, விசில் கெட்டிலைத் தூக்கிப் போட்டேன். காலையில் வந்து சமைத்துக் கொடுக்கும் வேலைக்கார அக்காவுக்காகக் கேஸ் அடுப்பை மட்டும் விட்டுவைத்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தபோது அப்பா சட்டென்று தலையைத் திருப்பினார்.

"தண்ணி கொதிக்குது. எவ்ளோ நேரமா கத்துது! உங்கம்மாவுக்குக் காது எங்கதான் இருக்கோ."

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மேலெல்லாம் சிலிர்த்தது. "ஒண்ணும் கத்தலப்பா" என்று நான் சொல்வதற்குள் சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"அணைச்சிட்டேன் லா," என்று உட்கார்ந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

கொஞ்ச நேரத்தில் கேஸ் வாடை அடித்தது. ஓடினேன். கெட்டில் குளிர்ந்து கிடந்தது, அடுப்பின் மேல் ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே அணைந்திருந்த அடுப்பை அணைக்கப் போய், திறந்துவிட்டு வந்திருக்கிறார். நான் இல்லாத நாளாக இருந்திருந்தால்? பேயைவிட அந்த அடுப்புத் திருகுதான் என்னைப் பயமுறுத்தியது. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, கேஸ் சிலிண்டர் தோம்பைக் கழற்றிப் பக்கத்து வீட்டு அங்கிளிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு அப்பா மறுபடியும் எழுந்தார். நானும் பின்னாலேயே போனேன். வெறும் ரப்பர் குழாய் தொங்கும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பின்கதவுப் பக்கம் திரும்பி, அம்மா உயிரோடு இருந்தவரை அவரிடம் ஒருநாளும் பேசியிராத மெல்லிய குரலில் சொன்னார்.

"மவ கேஸ எடுத்துட்டா. இனிமே வந்து என்ன செய்யப் போற? போயிடு."

காது கொடுத்துக் கேட்டார். தலையை ஆட்டினார். என்னைப் பார்த்தார்.

"அழுவுறா. நீ சொன்னாதான் போவாளாம்."

எனக்குப் போகச் சொல்ல மனம் வரவில்லை.