காக்கிச் சட்டை போட்ட கல்

செல்லியம்மாளுக்கு எண்பத்திரண்டு வயது. அப்பா செல்லமுத்துவை அவள் பார்த்ததே இல்லை.

உலகப்போர் நடந்த காலம். சர்க்கார் ஆட்கள் ஊர் ஊராகப் போய்த் தானியத்தைப் பறித்தார்கள். பண்ணைக்காரர் குழிவெட்டிப் புதைத்திருந்த சோளத்தை யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். பழி பண்ணையாள் செல்லமுத்துவின் தலையில் விழுந்தது. பண்ணை வீட்டார் அவரைக் களத்தில் வைத்து அடித்தே கொன்று, பக்கத்துப் பாழுங்கிணற்றில் போட்டு மூடினார்கள். மறுநாள், அவர் பட்டாளத்துக்கு ஓடிவிட்டார் என்று ஊரே ஒரே வாயாகச் சொன்னது. தடுக்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை, பொய் சொல்ல மட்டும் வந்தது. தூ!

வயிற்றுப் பிள்ளையோடு இருந்த அவர் மனைவி காளியாத்தாளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவள் தாலியைக் கழற்றவில்லை, வாய்விட்டு அழவும் இல்லை. அழுதால் செத்தது எப்படி என்ற கேள்வி வரும். கூலிக்குப் போவதோ அதே பண்ணைக்கு. சாகும்போதுதான் மகளிடம் சொன்னாள். அந்த வீட்டார் முகத்துக்கு நேரே இதைச் சொல்லாமல் சாகக்கூடாது என்பதுதான் செல்லியம்மாளின் ஒரே ஆசை.

செத்தவன் ஆவி விடாது என்று பயந்து, பண்ணை வீட்டார் கிணற்றுமேட்டில் கல் நட்டு, ஆடிதோறும் சேவல் அறுத்தார்கள். பெயரைச் சொல்லக் கூசி 'பட்டாளத்தார்' என்றார்கள். பண்ணைக்காரரின் பேரன் ஜெயபிரகாஷ் தலையெடுத்ததும் கல்லுக்குக் காக்கிச் சட்டை வந்தது, ரம் பாட்டில் வந்தது. சாமி போரில் செத்த பட்டாளத்து வீரர் என்று அவன் மனதார நம்பினான்.

இந்த வருடம், ஆழ்துளைக் கிணறு போடும் அவனுடைய ரிக் லாரி கவிழ்ந்தது. சாமியின் ரத்த உறவு வந்து பொங்கல் படைக்க வேண்டும் என்று குறி சொன்னார்கள். அவனே தேடி வந்தான்.

"ஆத்தா, நீங்கதான் வரோணுமுங்க. நாட்டுக்காக உசுர உட்டவரு மகளாச்சுங்களே."

"வாரேன் சாமி," என்றாள்.

ஆடிப் பொங்கல் அன்று கல்லின் முன் நின்று காக்கிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினாள். சட்டையைக் கீழே போட்டுவிட்டு, செத்தவர்களுக்குப் போர்த்தும் கோடி வேட்டியைப் பையிலிருந்து எடுத்துக் கல்லுக்குப் போர்த்தினாள்.

"என்னுங்க ஆத்தா இது?" ஜெயபிரகாஷ் பதறினான்.

"எங்கப்பன் பட்டாளத்துப் பக்கமே போனதில்ல சாமி. உங்க தாத்தன் இந்தக் களத்துல அடிச்சுக் கொன்னு, இந்தக் கெணத்துல போட்டாரு. எங்கப்பன் பேரு செல்லமுத்து."

இல்லை என்று ஒரு வார்த்தை வராதா என அவன் தன் அப்பா பெரியசாமியைப் பார்த்தான். பெரியசாமி குனிந்து அடுப்பு விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

செல்லியம்மாள் தரையில் உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, அம்மா அழாத ஒப்பாரியைத் தொடங்கினாள்.