ஆடியது வண்டியா, நானா

பஸ்ஸில் ஏறினால் என் அம்மாவுக்குத் திருத்தணி வருவதற்குள் வாந்தி வந்துவிடும். ரயிலில் ஒன்றும் ஆகாது. ஆந்திரா பக்கம் அம்மா இருக்கும் புத்தூரிலிருந்து எங்கள் வாலாஜாபாத்துக்கு நேராக வந்துகொண்டிருந்த பாசஞ்சர், கொரோனாவில் நின்றது நின்றதுதான். இதற்குள் எனக்குக் குழந்தை பிறந்து, பிரசவ விடுப்பும் முடிந்துவிட்டது. “வண்டி விடட்டும், அன்னிக்கே வந்து கொழந்தைய பாத்துக்கறேன்” என்று அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த வண்டியை மறுபடி விடலாமா என்று பார்க்கச் சோதனை ஓட்டம் வைத்தார்கள். சரக்கு வண்டி போகும் பாதைதான். ஆட்களை ஏற்றிக்கொண்டு வேகமாக ஓடினால் தாங்குமா என்பதே கேள்வி. எங்கள் பகுதிக்குத் தண்டவாள ஜூனியர் இன்ஜினியர் நான். எனவே பதில் சொல்ல வேண்டியவளும் நான்.

என் கணவருக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட். அன்று அவர் லீவு போட்டுக் குழந்தையுடன் இருந்தார். “நல்லா கீதுன்னு எழுதிட்டு வந்துடு. அத்தை வரட்டும். நான் லீவு கேட்டுப் போனாலே சூப்பர்வைசர் இப்பல்லாம் டயபர் வெல கேக்கறாரு” என்று வழியனுப்பினார்.

அதுதான் என்னைக் குழப்பியது. நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றினால், அது பாதை நன்றாக இருப்பதாலா, அம்மா வர வேண்டும் என்பதாலா?

கடைசிப் பெட்டியில் கார்டுக்குப் பக்கத்தில் நின்றேன். கையில் ஒரு பை நிறையச் சுண்ணாம்புப் பொட்டலங்கள். வண்டி எங்கே தூக்கிப் போடுகிறதோ அங்கே ஒன்றை வெளியே போட வேண்டும். அது உடைந்து வெள்ளையாகத் தெரியும். பிறகு ஆட்களோடு நடந்து போய் அந்த இடத்தை அளந்து பார்ப்போம். எங்கள் வேலையில் பழைய வழக்கம்.

லேசான அசைவுக்கெல்லாம் போட்டேன். எதையாவது கவனிக்காமல் விட்டிருப்பேனோ என்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்றும் போட்டேன்.

“இன்னா மேடம், வாலாஜாபாத் வரைக்கும் கோலம் போட்டுகினே வரப்போறீங்களா?” என்றார் கார்டு.

“ஆட்டம் இருக்குதே சார்.”

“எனக்குத் தெரிலயே.”

அவருக்கு ரிடையர் ஆகும் வயது. உடம்பு பழகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓர் ஆட்டம், இடமும் வலமுமாக, சீராக. பொட்டலத்தைப் போட்டேன். கார்டு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மேடம், சிக்னல் கெடைக்காம வண்டி நின்னுகினு கீது. நீங்கதான் ஆடறீங்க.”

குனிந்து என் கால்களைப் பார்த்தேன். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தேன். மாதக்கணக்காகக் குழந்தையை இடுப்பில் வைத்துத் தூங்கவைத்த பழக்கம். அன்று என் இடுப்பில் இருந்தது சுண்ணாம்புப் பை.

“தூங்கிடுச்சா?” என்று பையைக் காட்டிக் கேட்டார்.

மறுநாள் ஆட்களோடு நடந்து எல்லா வெள்ளையையும் அளந்தோம். வண்டி நின்றிருந்த இடத்தையும் விடவில்லை. “இங்க இன்னா மேடம் பிரச்சன?” என்று ஆட்கள் கேட்டபோது மட்டும் காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன். ஏறக்குறைய எல்லாம் சரியாகவே இருந்தன. ஓரிடத்தில் மட்டும் நிஜமாகவே அடியிலிருந்த கல் இளகி, ஒரு பக்கத் தண்டவாளம் தாழ்ந்திருந்தது. மறுபடி அளந்தேன். மட்டம் பார்க்கும் பலகையைத் திருப்பி வைத்தும் அளந்தேன். தாழ்ந்துதான் இருந்தது.

மேலதிகாரி போனில் கேட்டார்: “ஓட்டலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லும்மா.”

“ஓட்டலாம் சார். அந்த எடத்துல மட்டும் மெதுவா.”

“அது ஒரு வார்த்தையா?” என்றார். ஆனாலும் அப்படியே உத்தரவு போட்டார்.

முதல் வண்டியில் அம்மா வந்தார். வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. குழந்தையைக்கூட வாங்காமல், மடியில் கட்டியிருந்த வெள்ளரிப் பிஞ்சுகளை என் கையில் திணித்தார்.

“ஒரு எடத்துல வண்டி அப்படியே ஊருதுடி! ஒரு பொம்பள கூடவே நடந்து வந்து ஜன்னல்ல வித்தா. பேரம் பேசி, சில்லறையும் வாங்கிட்டேன். தெனமும் அங்க மெதுவாத்தான் போவுமா?”

“கல்லு போட்டு இறுக்கற வரைக்கும்தாம்மா. அடுத்த வாரம் சரியாயிடும்.”

“யாருடி அவசரப்படறது?” என்றார் அம்மா. “நான் ஊருக்குத் திரும்பிப் போறப்போ உங்கப்பாவுக்கு வாங்க வேணாமா?”