நான்காவது காலடியில் ஒரு டம்ளர் தண்ணீர்

கிரேன் வந்து நின்று தன் நான்கு இரும்புக் கால்களையும் விரித்ததும், நரசிம்மலு தோள்பையிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுப்பார். பழைய மில் கேன்டீன் டம்ளர். அடியில் 417 என்று குத்தியிருக்கும். உள்ளே, பாதிக்குக் கொஞ்சம் மேலே, ஆணியால் சுற்றிலும் கீறிய ஒரு கோடு. பாட்டில் தண்ணீரை அந்தக் கோடு வரைக்கும் ஊற்றி, கிரேன் காலுக்கு அடியில் போட்ட கட்டையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்காருவார். கண்ணை விளிம்புக்குக் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். தண்ணீர் ஒரு பக்கம் கோட்டைத் தாண்டினால், அடியில் மண் அமுங்குகிறது என்று அர்த்தம். நான்கு கால்களுக்கும் நான்கு தடவை. முடிந்ததும் அந்தத் தண்ணீரை அவரே குடித்துவிடுவார்.

"என்னுங்கண்ணா, என்ற வண்டிக்குத் தாகமெடுக்குதுங்களா?" என்று மேலே கேபினிலிருந்து ரிஃபத் கேட்பான். கருமத்தம்பட்டிக்காரன், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பன், பதினோரு வருடமாக கிரேன் ஓட்டுகிறவன்.

"குடிச்சுட்டுப் போவுது உடு. நீ மேல உக்காந்து ஆட்டாம இரு."

கிரேனிலேயே சமம் பார்க்க ஒரு குமிழி உண்டு. அதன் கண்ணாடி மங்கி எட்டு மாதமாகிறது. மாற்றித் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

சிங்காநல்லூர் மில்லில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர் நரசிம்மலு. மில்லை மூடிய பிறகு, ஊருக்குக் கிழக்கே தண்டவாளத்துக்கு மேலே கட்டிக்கொண்டிருந்த பாலத்தில் பாதுகாப்பு ஆளாகச் சேர்ந்தார். மண்ணைப் பார்ப்பது, விசில் ஊதுவது, ஆபத்தென்றால் சிவப்புக் கொடி தூக்குவது. அவ்வளவுதான் வேலை. அதற்கு ஒரு பதிவேடு இருந்தது. தேதிவாரியாக 'மண் உறுதி – சரி' என்று அச்சடித்த கட்டங்கள், பக்கத்தில் கையெழுத்துக்கு இடம். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி இன்ஜினியர் மதன்குமார் டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்து அதை நீட்டுவான்.

"ஏனுங்கண்ணா, மாசத்துக்கும் இப்பவே போட்டுருங்க. தினமும் உங்களைக் கூப்புட்டுத் தொந்தரவு பண்ணாம இருக்கலாமுங்க."

இவ்வளவு மரியாதையாகக் கேட்கிற பையனிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? முப்பது கையெழுத்தையும் ஒரே மூச்சில், 'ந'வுக்கு வாலிழுத்து, அழகாகப் போட்டுக்கொடுப்பார். டம்ளர் இருக்கிறதே, அதுதானே நிஜச் சோதனை என்று நினைத்துக்கொள்வார். எல்லோரும் அப்படித்தான் போட்டார்கள்.

நவம்பர் பதினான்காம் தேதி. முந்தின நாள் முழுக்க மழை. கர்டரை, பாலத்தைத் தாங்கும் அந்த நீண்ட உத்தரத்தை, தூக்குவதற்காக ஐம்பது நிமிடம் ரயில்களை நிறுத்தியிருந்தார்கள். அதில் பன்னிரண்டு நிமிடம் போய்விட்டது. மூன்று கால்களில் தண்ணீர் சரியாக நின்றது. நான்காவது கால், பழைய வாய்க்காலை மூடிய இடத்தில் ஊன்றியிருந்தது. அங்கே தண்ணீர் மெல்ல, ஒரு கண்ணிமை போல, கோட்டின் மேல் ஏறியது.

நரசிம்மலு எழுந்து கொடியைத் தூக்கினார். மேலே ரிஃபத் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"இன்னம் பத்துக் கட்டை போடோணுமுங்க. மண்ணு எறங்குது" என்றார்.

மதன்குமார் கத்தவில்லை. கிட்டே வந்தான். "அண்ணா, கட்டை போட அரை மணி நேரமாயிப்போகும். ரயிலு வந்துரும். இன்னைக்கு உட்டா மறுபடி எப்பக் குடுப்பாங்களோ, தெரியாதுங்க. ஒரே ஒரு தூக்குத்தானுங்க. எனக்காகங்க." சொல்லிக்கொண்டே, கொடி பிடித்திருந்த அவர் கையைப் பற்றி, தூங்குகிற குழந்தையின் கையை இறக்குவது போல இறக்கினான்.

மேலிருந்து பார்த்தவனுக்குக் கொடி இறங்கியது மட்டும்தான் தெரிந்தது. யாருடைய கை இறக்கியது என்பது தெரியவில்லை. நரசிம்மலு அதை மறுபடி தூக்கவும் இல்லை.

கர்டர் ஆளுயரம் எழும்பியபோது நான்காவது கால் முழங்கால் ஆழத்துக்குப் புதைந்தது. கிரேன் சத்தமில்லாமல் சாயத் தொடங்கியது. சத்தமெல்லாம் பிறகுதான் வந்தது. கேபினை அறுத்து ரிஃபத்தை எடுத்தபோது அவனுடைய இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே கூழாகிப் போயிருந்தன.

ஆஸ்பத்திரியில் அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "கொடியை ஏனுங்கண்ணா எறக்குனீங்க?"

"நான் எறக்குலீங்க கண்ணு" என்று சொல்லியிருக்கலாம். பிடித்திருந்தது அவர் கைதானே. போர்வையை அவன் இடுப்பு வரை இழுத்துவிட்டு வந்தார். போலீஸ் ஏற்கெனவே ரிஃபத் மேல் வழக்கு எழுதியிருந்தது. நடந்ததை விசாரணையில் சொன்னால் அவனாவது தப்புவான் என்று மனைவி வெங்கடம்மாளிடம் சொன்னார்.

"சொல்லுங்க. வேலை போனாப் போவுது" என்றாள் அவள்.

பதினெட்டாம் தேதி மூன்று அதிகாரிகள் விசாரித்தார்கள். மேசையில் பதிவேட்டின் நகல் கிடந்தது.

"பதினாலாம் தேதி மண் சரின்னு இருக்கு. இது உங்க கையெழுத்துங்களா?"

"என்றதுதானுங்க. ஆனா ஒண்ணாந்தேதியே போட்டதுங்க."

"அப்போ நீங்க தினமும் மண்ணைப் பாத்ததுக்கு என்னங்க அத்தாட்சி?"

நரசிம்மலு பையிலிருந்து டம்ளரை எடுத்தார். மேசை மேல் வைத்து, கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மட்டமான மேசையில் தண்ணீர் மட்டமாகத்தான் நின்றது.

"சரி, எடுத்துக்குங்க" என்றார் ஒருவர்.

மதன்குமார் கையை இறக்கியதையும் சொன்னார். அவன் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக்கொடுத்திருந்தான். மறுநாள் காலை வேலைக்குப் போனபோது வாசலில் அவனே எதிரே வந்தான். "அண்ணா, நீங்க ஊட்ல இருங்க. நாங்களே கூப்புடறோமுங்க." கூப்பிடவில்லை.

இருபத்தாறாம் தேதி வெங்கடம்மாள் அவரை ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். அநியாயம் செய்தவனை அம்மன் தண்டிக்க வேண்டி, அவன் பேரைச் சொல்லி, அங்கே மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள்.

"பேரைச் சொல்லி அரைங்க" என்றாள்.

குழவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதன்குமார் என்று வாயெடுத்தால், கொடியைப் பிடித்திருந்த தன் கை குழவி மேல் இருப்பது தெரிந்தது. பேர் சொல்லாமலே அரைத்தார். கை இரண்டு நாள் எரிந்தது.

பொங்கலுக்குப் பிறகு அறிக்கை வந்தது. ஓட்டுநரின் அஜாக்கிரதை. செயற்கைக் கால்கள் பொருத்திய பிறகு ரிஃபத் கோர்ட்டுக்கு வரவேண்டும் என்றார்கள்.

பாலத்து ஆபீஸில் பதிவேடுகளை வைத்திருந்த மதிவதனி, தானும் வேலையை விட்டு வெகுநாள் கழித்து, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்துச் சொன்னாள். விசாரணைக்குப் போனது நகல்தான். அசல் பதிவேடு அங்கேயேதான் இருந்ததாம். நவம்பர் இருபத்தாறாம் தேதி வேறொரு கிரேன் வந்திருக்கிறது. அதே குழியில் ஜல்லி கொட்டி, அதே இடத்தில் கால் ஊன்றி நிறுத்தியிருக்கிறார்கள். யாரும் மண்ணைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவும் இல்லை. அன்றைய கட்டத்தில் 'மண் உறுதி – சரி' என்பதற்குப் பக்கத்தில், 'ந'வுக்கு வாலிழுத்து, நரசிம்மலுவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.