ஆசாரியன் வர்றதுக்கு முன்னால சாமானை வெளிய எடு

வெள்ளனே பால் காய்ச்சிட்டிருந்தேன். ஜெபமணி அக்கா மகன் போன் பண்ணி, "அம்மா போயிட்டாங்க அத்தை"ன்னான். அடுப்பை அணைச்சிட்டு உக்காந்துட்டேன். அழுகை வந்துச்சு, கூடவே சிரிப்பும். அக்காவை நெனச்சா சிரிப்பு வராம இருக்குமா? நம்ம சபைப் பொம்பளைகளுக்குத் தெரியாததா!

ஸ்கூல் ஹாஸ்டல்ல வார்டனா இருந்தவங்க. வேதபாடத்துல நாம தாவீது பாடுன சங்கீதம் கேப்போம், அவங்க மோசே காலத்து ஆசாரியர் சட்டத்துலயே நிப்பாங்க. "பலி குடுக்குறது, சொறி சிரங்கு பாக்குறது, வீட்டுச் செவத்தைப் பாக்குறது, எல்லாம் அந்த ஆசாரியன் சோலிதான்டி. நம்ம பாஸ்டர் ஐயரு ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கே அலுத்துக்கிறாரு"ம்பாங்க.

ஒரு வருசம் மழை விடவே இல்ல. எங்க படுக்கைரூம் செவத்துல பச்சையும் செவப்புமாப் பூசணம். வேதத்தைத் திறந்தா, இப்படி வந்தா வீட்டுக்கே குஷ்டம், இடிச்சு ஊருக்கு வெளிய கொட்டணும்னு கெடக்கு. எனக்குச் சோறு எறங்கல. "இடிச்சிருங்க"ன்னு வீட்டுக்காரர்ட்ட ஒரே அழுகை. பாவம், அவங்கப்பா கட்டுன வீடு. அந்த மனுசனும் கடப்பாரையை எடுத்துட்டாரு.

விசயம் கேட்டு அக்கா மேடேறி வந்தாங்க. "தம்பி, அதைக் கீழ வைங்க. ஏ கழுத, கடைசி வசனத்தைத்தான் மொதல்ல படிச்சியாக்கும்?"

மூச்சு வாங்கிட்டுச் சொன்னாங்க: "ஆசாரியன் பாத்துத் தீட்டுன்னுட்டா உள்ள இருக்குற சாமானும் தீட்டு. அதனால அவன் வர்றதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் வெளிய எடுக்கச் சொல்றாரு ஆண்டவரு. தீர்ப்புக்கு முன்னால உன் பானை சட்டியைக் காப்பாத்துறாருடி! அப்புறம் பூட்டி வச்சுப் பாக்கணும், சொரண்டணும், பூசணும். அதுக்கும் அடங்கலேன்னாத்தான் இடி."

"இங்க யாருக்கா ஆசாரியன்?"

"நாந்தான். தூக்குடி மெத்தையை."

கட்டில் பீரோ எல்லாம் ரோட்டுக்கு வந்துச்சு. ஒரு டாக்ஸிக்காரன், "வீடு காலி பண்றீங்களா?"ன்னான். "இல்ல தம்பி, வீட்டுக்கு வைத்தியம்"னாங்க. சொரண்டி, ஒழுகுன இடத்தை அடைச்சு, சுண்ணாம்பு அடிச்சோம். அக்கா மூக்குல சுண்ணாம்பு. சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் சொல்லலையே! அந்தச் செவரு இன்னைக்கும் நிக்கிது.

அடக்கம் முடிஞ்சு அவங்க வீட்டுக்குப் போனா, சொந்தக்காரங்க மருமகளைச் சுத்தி நிக்கிறாங்க. ஏன் வெரசா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலன்னு ஆளாளுக்குக் கேள்வி. அந்தப் பிள்ளை செவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிது. நான் கூட்டத்தை வெலக்கிட்டு உள்ள போனேன். கையைப் பிடிச்சு வாசலுக்குக் கூட்டிட்டு வந்து காப்பியக் குடுத்தேன்.

"தீர்ப்பு கெடக்கட்டும் தாயி. மொதல்ல சாமானை வெளிய எடுப்போம்"னேன்.

மாமியார் பேச்சு அதுக்குத் தெரியாதா? அழுதுகிட்டே சிரிச்சிருச்சு. அக்காட்ட இருந்து நான் வச்சிக்கிட்டது அதுதான்.